எந்தப் பக்கம் திறப்பது

மூளை அறுவைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைப் பார்க்க வந்தால் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "சார், எட்டாத இடத்தில் அன்யூரிசம் இருந்தால் எந்த வழியாகப் போவீர்கள்?" வழிகளைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? அதெல்லாம் உங்கள் பாடத்தில் படத்தோடு இருக்கிறது. மிச்சம், கை பழகப் பழக வரும். என்னால் சொல்ல முடிந்தது மெகராஜ் டீச்சருக்கு நடந்ததை மட்டும்தான். அதிலும் பாதி எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காததை எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியாமல்தான் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வாரம் ஒருநாள் தென்காசிக்கு வந்து ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிகளைப் பார்ப்பேன். சேவை என்று பெரிதாக நினைக்க வேண்டாம். வீடு குத்துக்கல்வலசையில், மத்தியானம் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். சாரல் காலத்தில் அந்த நர்சிங் ஹோமுக்குக் குற்றாலத்து அருவிப் பாறைகளில் வழுக்கி விழுந்தவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மணிக்கட்டு, முழங்கால், இடுப்பு என்று எலும்பு டாக்டருக்குத்தான் வேலை. அன்றைக்கு எனக்கு ஒருவரை அனுப்பினார்கள்.

நாற்பதை ஒட்டிய பெண். உடம்பெல்லாம் ஈரம், மேலே யாரோ போர்த்திய துண்டு. இடது நெற்றிப்பொட்டில் வீக்கம். கண்ணை மூடிக்கொண்டு, "வெளிச்சத்த அணைங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் மெகராஜ், இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் ஷாகுல் கத்தாரில் வேலை பார்க்கிறவர், லீவில் வந்திருந்தார். டீச்சர் வரவில்லை என்றுதான் சொன்னாராம். திருத்த வேண்டிய பேப்பர் இருக்கிறது என்றாராம். ஷாகுல்தான் வற்புறுத்தி அருவிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

"வழுக்கி விழுந்துட்டா சார்" என்றார் ஷாகுல். "நான் ஆம்பளைங்க பக்கம் நின்னேன். என் தங்கச்சிதான் கூட இருந்தா."

தங்கை வெளியே அழுதுகொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். "பாறைல கால் வழுக்கி, தலை போய் அடிச்சிச்சு சார். நான் பாத்தேன்" என்றார். பிறகு அவரே, "ஆனா கைத்தாங்கலா தூக்கினாங்கல்லா ஒரு அம்மா, அவங்க வேற மாதிரி சொல்லுதாங்க. பிடரியப் பிடிச்சிக்கிட்டு மொதல்ல உக்காந்தாங்களாம், அப்புறந்தான் சாஞ்சாங்களாம்" என்றார்.

"அந்த அம்மா எங்க?"

"தெரியாது சார். வெளியூர்க்காரங்க. பஸ்ஸுல வந்தவங்க."

பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். அதில்தான் எல்லாம் இருந்தது. வழுக்கி விழுந்து தலை அடிபட்டால் மூளை மேல் ரத்தம் பரவலாம்; அநேகமாக அது தானாக அடங்கும். உள்ளே ஒரு குழாய் கசிந்து, தலை வெடிக்கிற வலி வந்து, அதனால் விழுந்திருந்தால் விஷயமே வேறு. ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து கொப்புளம் மாதிரி நிற்பதுதான் அன்யூரிசம். ஒருமுறை கசிந்தது மறுபடி கசியப் பார்க்கும். அடுத்த கசிவில் பிழைப்பவர்கள் குறைவு. உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று ஷாகுலுக்குச் சொன்ன அதே வார்த்தைகள் வாயில் வந்துவிட்டன.

டீச்சரிடமே கேட்டேன். "மொதல்ல வலி வந்ததா, மொதல்ல விழுந்தீங்களா?"

கண்ணைத் திறக்காமல் யோசித்தார். "தண்ணி தலைல விழுந்துது. அப்புறம் இங்கன இருக்கேன்" என்றார்.

ஸ்கேனில் ரத்தம் இருந்தது. மூளையின் அடியில், நடுவில், அடர்த்தியாக. இடது பக்கப் பொட்டுக்கு உள்ளேயும் கொஞ்சம். அடிபட்ட இடமும் அதே இடது பக்கம். ஆம்புலன்சில் ஏற்றி, நானும் காரில் பின்னாலேயே திருநெல்வேலிக்குப் போனேன். மத்தியானச் சாப்பாடு அன்றைக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்தவர் டாக்டர் சுபா. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, தலையைத் திறக்காமலே கொப்புளங்களைக் கம்பிச்சுருளால் அடைக்கிற படிப்புப் படித்தவர். என்னைவிட வயதில் சிறியவர், என்னைவிடப் பொறுமையானவர். நான் உள்ளே நுழைந்தபோது திரையில் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுன்னு நெனச்சேன் சார். ரெண்டு இருக்கு."

ஒன்று இடது பக்கம், காதுக்கு மேலே, மூளையின் இரண்டு மடல்களுக்கு நடுவில். தலையைத் திறந்தால் சீக்கிரம் கைக்கு வந்துவிடும் இடம். இன்னொன்று தலையின் நட்டநடுவில், மூளைத்தண்டுக்கு முன்னால் ஏறிவரும் பெரிய குழாயின் உச்சியில். எந்தப் பக்கத்திலிருந்து அளந்தாலும் தூரம். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, மயிரிழை மாதிரிச் சின்னக் குழாய்கள் மூளைத்தண்டுக்குப் போகும். அவற்றில் ஒன்றைத் தவறி நெரித்தாலும் ஆள் எழுந்திருக்கமாட்டார்.

எது கசிந்தது? அதுதான் கேள்வி.

"இடதுதான்" என்றேன். "அந்தப் பக்கம் ரத்தம் இருக்கு பாருங்க. கொப்புளத்தோட உச்சியும் ஒழுங்கா இல்ல."

"அந்தப் பக்கம் அடிபட்டிருக்கு சார். அந்த ரத்தம் அதுலேருந்து வந்திருக்கலாம். நடுவுலதான் அடர்த்தி. நடுவுல உள்ளதுதான் கசிஞ்சிருக்கு."

வெகுநேரம் பேசினோம். பேசப் பேச எனக்கு ஒன்று உறைத்தது. இடது பக்கக் கொப்புளத்துக்குக் கம்பிச்சுருள் சரிப்படாது. அதன் அடியிலிருந்தே ஒரு கிளை பிரிகிறது. தலையைத் திறந்து அதன் கழுத்தை நெரிக்கிற மாதிரி கிளிப் போடத்தான் வேண்டும். அது என் வேலை. நடுவில் இருப்பதற்கு முதலில் குழாய் வழியாகத்தான் முயல வேண்டும். அது சுபாவின் வேலை. அவரவர் கைக்கு எட்டுகிற கொப்புளம்தான் அவரவர் கண்ணுக்குக் கசிந்ததாகத் தெரிகிறது! இதை நான் சொன்னேன். சுபா சிரித்தார். "நானும் அதத்தான் நெனச்சேன் சார். ஆனாலும் எனக்கு நடுவுல உள்ளதுன்னுதான் தோணுது."

எனக்கும் இடதுதான் என்றே தோன்றியது. நம் கண்ணை எது இழுக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் இழுப்பது நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிற்பதில்லை.

மறுநாள் காலை டீச்சர் நன்றாக விழித்திருந்தார். வலிக்கு மருந்து கொடுத்திருந்தோம். பெயர், ஊர், கிழமை எல்லாம் சரியாகச் சொன்னார். ஷாகுல், மக்காவுக்கு உம்ரா போய்த் திரும்பிய மாமனாரை அழைத்துவரக் கீழே போயிருந்தார். நானும் சுபாவும் ஒரு நர்சும்தான் கட்டிலருகில் இருந்தோம். நான் ஒரு காகிதத்தில் தலையை வரைந்து, ரெண்டு புள்ளி வைத்துக் காட்டினேன்.

"எது வெடிச்சிச்சு?" என்று கேட்டார்.

"அதான் டீச்சர் தெரியல."

காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சரி, சொல்லுங்க."

சொன்னேன். முதலில் சுபா குழாய் வழியாக நடுவில் உள்ளதை அடைக்கப் பார்ப்பார். முடியாவிட்டால் தலையைத் திறக்க வேண்டும். இடது பக்கம் திறந்தால், வழியிலேயே முதல் கொப்புளம். அதை முடித்துவிட்டு அதே வழியில் ஆழமாகப் போய் நடுவில் உள்ளதையும் பிடிக்கலாம். ஒரே வாசல், ரெண்டு வேலை. ஆனால் இடது பக்கத்தில்தான் பேச்சு இருக்கிறது. ரத்தம் கசிந்து மூளை வீங்கியிருக்கும்போது அதை அவ்வளவு ஆழத்துக்கு விலக்கிப் பிடித்தால் பேச்சு குளறலாம், போகவும் போகலாம். வலது பக்கம் திறந்தால் பேச்சுக்கு அநேகமாகப் பயமில்லை. நடுவில் உள்ளது மட்டும் கிடைக்கும். இடது பக்கக் கொப்புளம் அப்படியே நிற்கும். பிறகு தனியாக இன்னொரு முறை திறக்க வேண்டும். கசிந்தது அதுதான் என்றால், அதற்குள்...

"அதுக்குள்ள மறுபடி வெடிச்சிரும்" என்று அவரே முடித்தார்.

"ஆமா."

"வலது பக்கம் போங்க சார். வாய் இல்லாத டீச்சர எந்தப் பள்ளிக்கூடத்துல வச்சிக்கிடுவாங்க?"

தெளிவாகத்தான் சொன்னார். சுபா என்னைப் பார்த்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. முடிவெடுக்க வேண்டியவர் எடுத்துவிட்டார்.

அந்த நிம்மதி மத்தியானம் வரைக்கும்தான். ஷாகுல் உள்ளே போனபோது டீச்சர் அவரைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நான் போனேன். "டீச்சர், காலைல பேசினோமே" என்றேன். "என்னத்தையும் செய்ங்க. எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சிருங்க. எனக்கு முடியல" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடி அதையே சொன்னார். பிறகு, வகுப்பில் நிற்பதுபோல், ஜன்னலைச் சாத்தச் சொன்னார்.

ரத்தம் கசிந்த தலை அப்படித்தான்; தெளியும், கலங்கும். எந்த வார்த்தை அவருடையது? காலையில் சொன்னதா, மத்தியானம் சொன்னதா? காலையில் தெளிவாக இருந்தார் என்று எழுதி வைக்கலாம். ஆனால் பேச்சுப் போய்விடும் என்று நான் பயமுறுத்திய சூட்டில் வந்த வார்த்தை அது. மத்தியானம் கலங்கியிருந்தார். ஆனால் உயிர் போகிற வலியில் வந்த வார்த்தை அது.

ஷாகுல் என்னை வராந்தாவில் மறித்தார்.

"சார், எது வெடிச்சதுன்னு தெரியாமலா தலையத் தொறக்கப் போறீங்க?"

"ஆமா."

"அப்போ ரெண்டையும் ஒரே வாட்டில முடிச்சிருங்க. பேச்சு போனாப் போகுது. எனக்கு அவ வேணும் சார். நான்தான் அருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ வரலன்னுதான் சொன்னா."

"அருவியால வரல ஷாகுல். அது எத்தனையோ வருசமா உள்ள இருந்திருக்கும்."

"அது உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியும் என்றேன். அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அவர் நம்பவில்லை.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் அப்போது ஓய்வு பெற்று மதுரையில் இருந்தார். படங்களை அவருக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன். "இடது பக்கமே போம்வே. ஒரே வாசல்ல ரெண்டையும் முடிச்சிரலாம்" என்றார். நன்றி சொல்லி வைத்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது அவரே கூப்பிட்டார். "நான் சொன்னத விட்ரும். வீங்கின மூளைய இடது பக்கம் அவ்வளவு தூரம் இழுத்துப் பிடிச்சா நல்லாருக்காது. வலது பக்கம் போம்." கை கழுவுவதற்குள் மறுபடி மணி அடித்தது. "இனி என்னயக் கேக்காதேயும்வே. நான் படத்தப் பாத்துச் சொல்லுதேன். நீரு ஆளைப் பாத்துக்கிட்டு நிக்கீரு."

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால், அவ்வளவு பெரிய மனிதர் ஒரு சாப்பாட்டு நேரத்துக்குள் தன் பேச்சை மாற்றிக்கொண்டு, அதை மறைக்காமல் சொன்னாரே என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த நாள் சுபா முயன்றார். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கொப்புளத்தின் வாய் அகலமாக இருந்தது. கம்பிச்சுருள் உள்ளே போகும், நிற்கும் போலிருக்கும், பிறகு மெல்லப் பெரிய குழாய்க்குள் எட்டிப்பார்க்கும். பலூனை வைத்து வாயை அணைகட்டிப் பார்த்தார். பலூனைத் தளர்த்தியதும் சுருள் மறுபடி சரிந்தது. வலைக்குழாய் ஒன்றை உள்ளே நிறுத்தினால் சுருள் நிற்கும். அதை நிறுத்த வேண்டுமானால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். எது கசிந்தது என்று தெரியாத தலைக்கு அந்த மருந்தைக் கொடுக்க எங்கள் ரெண்டு பேருக்கும் துணிவில்லை. சுபா சுருளை வெளியே எடுத்தார். எக்ஸ்ரேக்காகப் போட்டிருந்த ஈய அங்கியைக் கழற்றும்போது, "உங்க பக்கம் சார்" என்றார்.

அதே மயக்கத்திலேயே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனோம். மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நின்று கேட்டார். "சார், தலைய எந்தப் பக்கம் திருப்ப?"

டீச்சரின் தலை என் இரண்டு கைகளிலும் இருந்தது. மயக்கத்தில் இருக்கிற தலை எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். இடப்பக்கம் திருப்பினால் வலது பொட்டு மேலே வரும். வலப்பக்கம் திருப்பினால் இடது பொட்டு. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நிமிடம்வரை இடது பக்கம்தான் கசிந்தது என்ற எண்ணம் போகவில்லை. கணவர் இடது என்கிறார். மத்தியானத்து டீச்சர் இடது என்கிறார். காலைநேரத்து டீச்சர் ஒருவர்தான் வலது.

தலையை இடப்பக்கம் திருப்பினேன். வலது பக்கம் திறந்தேன்.

ஏன் என்று கேட்காதீர்கள். நியாயம் சொல்லலாம்: ஆள் தெளிவாக இருந்தபோது சொன்ன வார்த்தைக்குத்தான் மதிப்பு, நடுவில் உள்ளதும் கசிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, வீங்கிய மூளையில் ரெண்டு வேலை வேண்டாம். எல்லாம் சரியான நியாயங்கள்தான். ஆனால் தலையைத் திருப்பின பிறகுதான் இவை என் நினைவுக்கு வந்தன. கை முதலில் திரும்பியது.

உள்ளே போன விவரம் உங்களுக்கு வேண்டாம். மடல்களுக்கு நடுவே பிரித்துக்கொண்டு, கண் நரம்பைத் தாண்டி, கழுத்திலிருந்து வரும் பெரிய குழாய்க்கும் கண்ணை அசைக்கும் நரம்புக்கும் இடையில் உள்ள சந்து வழியாக, கிணற்றடியில் கிடக்கும் மோதிரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். எங்கும் ரத்தம். கழுவக் கழுவ ரத்தம். கொப்புளத்தின் மேல் ஒரு கட்டி ஒட்டியிருந்தது. கசிந்த வாயை அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியா, எங்கிருந்தோ வந்து சுற்றிலும் உறைந்த ரத்தத்தில் ஒரு துண்டா? அதை உரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். உரித்துப் பார்ப்பது என்பது வெடிக்கவைத்துப் பார்ப்பது. தொடவில்லை. முதுகில் ஒட்டிய சின்னக் குழாய்களை ஒவ்வொன்றாக விலக்கி, கிளிப்பை வைத்தேன். ஒன்று அதன் நுனியில் சிக்கியது போலிருந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். "போதும் சார், நல்லா இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். யார் என்று ஞாபகம் இல்லை.

டீச்சர் விழித்ததும் பேசினார். முதல் வார்த்தையே "தண்ணி". வலது கண்ணிமை தொங்கியிருந்தது. அது எதிர்பார்த்ததுதான், நாளடைவில் சரியாகிவிடும். ஷாகுல் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. நான் அவரிடம், "இன்னொண்ணு அப்படியே இருக்கு, மறந்துராதீங்க" என்றேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு தோன்றியது.

சில நாட்களில் டீச்சர் தூங்கி வழிய ஆரம்பித்தார். கேட்டதற்குப் பதில் பாதியில் நின்றது. வலது கை தளர்ந்தது. கசிவுக்குப் பிறகு மூளையின் குழாய்கள் சுருங்குமே, அது. சுருங்கிய குழாயில் ரத்தம் ஓட வேண்டுமானால் ரத்த அழுத்தத்தை ஏற்ற வேண்டும். கசிந்த கொப்புளத்தை அடைத்தாயிற்று என்றால் தைரியமாக ஏற்றலாம். அடைத்தது கசிந்ததைத்தானா?

சுபா ஐ.சி.யு. வாசலில் நின்றார். "ஏத்துங்க சார். ஏத்தலன்னா கை போயிரும், இன்னும் என்னவெல்லாமோ போயிரும்."

"இடது பக்கம்தான் கசிஞ்சதுன்னா?"

"அது இல்லன்னுதானே வலது பக்கம் போனீங்க?"

"அது இல்லன்னு நான் எப்போ சொன்னேன்?"

அவருக்கு ஆச்சரியம். நான் வலது பக்கம் போனதால், நான் அவர் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். நான் கட்சி மாறவேயில்லை. என் எண்ணத்துக்கு எதிராகத்தான் செய்திருந்தேன். செய்த வேலையைப் பார்த்து மனதில் இருப்பதைக் கணித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கூட வேலை பார்ப்பவர்களிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

ஏற்றினோம். கொஞ்சம் ஏற்றுவோம், பார்ப்போம், இன்னும் கொஞ்சம் ஏற்றுவோம். நான் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அங்கே உட்கார்ந்து செய்வதற்கு எனக்கு எந்த வேலையும் இல்லை. சாயங்காலத்துக்குள் கை விரல்கள் அசைந்தன. மறுநாள், "ஏன் எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போய், கண்ணிமை பாதி மேலே வந்தபிறகு, இரண்டு பேரும் தென்காசி நர்சிங் ஹோமுக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். ஷாகுல் லீவை நீட்டித்திருந்தார். இடது பக்க அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். வீக்கம் வற்றிவிட்டது, இனி பேச்சுக்கு அவ்வளவு பயமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் குறுக்கிட்டார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கே ரெண்டையும் ஏன் முடிக்கல?"

"நீங்கதானே டீச்சர் வலது பக்கம் போகச் சொன்னீங்க."

"நானா?"

"ஆமா. வாய் இல்லாத டீச்சர யார் வச்சிக்கிடுவாங்கன்னு சொன்னீங்க."

டீச்சர் ஷாகுலைத் திரும்பிப் பார்த்தார். ஷாகுல் என்னைப் பார்த்தார். "அருவிக்குப் போனது ஞாபகம் இருக்கு. அப்புறம் வீட்டுக்கு வந்ததுதான் ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல" என்றார் டீச்சர். "ஆனா நான் அப்படிச் சொல்லிருக்க மாட்டேனே சார். ஒரு கணக்க ரெண்டு நாளா போடுற ஆளு இல்ல நான். ரெண்டையும் ஒரேடியா முடிங்கன்னுல்லா சொல்லிருப்பேன்."

"நான் அப்போ உள்ள இல்லல்லா சார்?" என்றார் ஷாகுல். குரலில் மரியாதை குறையவில்லை. வேறு ஏதோ ஒன்று குறைந்திருந்தது.

சுபாவும் நர்சும் கூட இருந்தார்கள் என்றேன். வேண்டுமானால் இப்போதே போனில் கேளுங்கள் என்றேன். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார். "நீங்க பொய் சொல்லுதீங்கன்னு சொல்லல சார். அன்னைக்குப் பேசினது யாருன்னுதான் யோசிக்கேன்."

தலையைத் திருப்பிய பிறகு அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். சொன்னவர் அதை அடையாளம் தெரியாத ஒருவரின் பேச்சாகப் பார்க்கிறார். வெளியே வெயிலும் சாரலுமாக இருந்தது. அடுத்த நோயாளியின் பெயரை யாரோ கூப்பிட்டார்கள்.

அவ்வளவு நடந்தும் அவர்கள் என்னிடமே இரண்டாவது அறுவைக்கு வந்தார்கள். ஏன் என்று அதையும் நான் கேட்கவில்லை.

இடது பக்கம் திறந்தேன். மூளை அமைதியாக, சுத்தமாக இருந்தது. மடல்களைப் பிரித்ததும் கொப்புளம் தெரிந்தது. அதன் உச்சியிலும் அதைத் தொட்டுக்கொண்டிருந்த மூளையின் மேலும் துரு நிறத்தில் கறை. பழைய ரத்தம் படிந்த கறை. பக்கத்தில் நின்ற ஜூனியர், "சார், இதுதான் கசிஞ்சிருக்கு" என்றான். நெற்றிப்பொட்டில் பட்ட அடியால் வந்த ரத்தமும் அப்படித்தான் கறை படியும் என்றேன். அவன் தலையாட்டினான். ஒத்துக்கொண்டானா, பெரியவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டானா தெரியாது. கிளிப் போட்டு முடித்தேன்.

பிறகு சில நாள் டீச்சருக்கு வார்த்தைகள் இடம் மாறி வந்தன. கதவை ஜன்னல் என்பார், ஜன்னலைப் புத்தகம் என்பார். அவருக்கே கோபம் வரும். மெல்லச் சரியாயிற்று. டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்தக் கறையைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம். சுபாகூட, "இப்போ எதுக்கு சார்?" என்றார். டீச்சர் ஷாகுலின் பக்கம் திரும்பாமல் என்னையே கேட்டார்.

"அப்போ வெடிச்சதத் தலைல வச்சிக்கிட்டேதான் வீட்டுக்குப் போனேனா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"இல்லாமலும் இருக்கலாம் டீச்சர். எனக்குத் தெரியல."

"பிள்ளைங்க இப்படி விடை எழுதினா நான் பாதி மார்க்குதான் போடுவேன்" என்றார். வார்த்தை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். ஷாகுல் சிரித்தார். நானும் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

அடுத்த கல்வி ஆண்டில் அவர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இந்தக் கேஸை எங்காவது பேசும்போது எல்லோரும் முடிவைக் கேட்டுவிட்டு, "சரியான தீர்மானம் சார்" என்கிறார்கள். டீச்சர் பிழைத்தார், பேசுகிறார், கணக்கு நடத்துகிறார். அதனால் தீர்மானம் சரி என்று ஆகிவிடுமா? கசிந்தது இடதுதான் என்றால், நான் கசியாததைத் திறந்து மூடிவிட்டு, கசிந்ததை ரத்த அழுத்தம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அது வெடிக்காமல் இருந்தது என் திறமையில்லை. கசிந்தது நடுவில் உள்ளதுதான் என்றால், எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. அதுவும் என் எண்ணத்துக்கு எதிராக. இரண்டில் எது நடந்தாலும் பாராட்ட வேண்டிய ஆள் நான் இல்லை. நல்லபடியாக முடிந்ததை வைத்து உங்கள் தீர்மானங்களுக்கு மார்க் போடாதீர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். கெட்டபடியாக முடிந்ததை வைத்தும் போடாதீர்கள். பிறகு எதை வைத்துப் போடுவது என்று கேட்டால், எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

நோயாளியிடம் கேட்பதை விட்டுவிடலாமா என்று சில நாள் நினைத்தேன். ஞாபகமே இல்லாத ஒருவரிடம் வாங்கிய வார்த்தைக்கு என்ன மதிப்பு? நாமே முடிவு செய்துவிட்டுப் போகலாமே. அப்போதுதான் திருவேங்கடம் என்ற ஊரிலிருந்து ஒரு விவசாயியைக் கொண்டுவந்தார்கள். பருத்திக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் நடுவில், எட்டாத இடம். பேச்சு இருந்தது, தெளிவும் இருந்தது. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டேன். இந்தத் தடவை மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். காகிதத்தில் தலையை வரைந்து, வழிகளைக் காட்டி, "அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று, சாயங்காலமும் போய் அதையே கேட்டேன்.

காலையில் ஒன்று சொன்னார். சாயங்காலம் வேறொன்று சொன்னார்.